மழைக்கு ஹெவி, பணத்துக்கு லார்ஜ்

திருக்கோகர்ணத்தில் வங்கித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகளுக்குச் சாயங்காலம் ஆங்கிலம் சொல்லித்தருகிறேன். இலக்கணத்தில் எப்படியோ தேறிவிடுகிறார்கள். கோடிட்ட இடத்தை நிரப்புவதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள், அதுவும் ஒன்று ரொம்ப அதிகம் என்று சொல்லவேண்டிய இடத்தில். எல்லாவற்றுக்கும் 'பிக்', போதாவிட்டால் 'வெரி பிக்'. மழையும் பிக், கூட்டமும் பிக், நஷ்டமும் பிக்.

பெயரடையை அப்புறம் பார்க்கலாம், முதலில் பெயர்ச்சொல்லைப் பிடியுங்கள் என்பேன். மழைக்கு 'ஹெவி', சாலை நெரிசலுக்கும் அதுவே. விலைக்கும் வாடகைக்கும் 'ஹை'. வகைவகையாக இருந்தால் 'வைட் ரேஞ்ச்'. பெரும்பான்மைக்கு 'வாஸ்ட்' அல்லது 'ஓவர்வெல்மிங்'. ஏன் அப்படி என்றால், அப்படித்தான். நாமும் கேள்வியைச் சரமாரியாகக் கேட்கிறோம், லாபத்தைக் கொள்ளையாக அடிக்கிறோம். கொள்ளைக் கேள்வி கேட்டார் என்று எந்த நிருபராவது எழுதுவாரா? இப்படிச் சேர்ந்து வரும் சொற்களுக்கென்றே ஆங்கிலத்தில் அகராதி இருக்கிறது. ஆக்ஸ்ஃபோர்டு காலகேஷன்ஸ் டிக்ஷனரி, முதல் பதிப்பு 2002. பழைய புத்தகக் கடையில் கண்ணில் பட்டால் விடாதீர்கள்.

பிள்ளைகளை அதிகம் குழப்புவது 'நம்பர்', 'அமவுன்ட்' இரண்டும்தான். அதற்கு எங்கள் ஊரிலேயே நல்ல வகுப்பறை உண்டு: 1910இல் தொடங்கிய புதுக்கோட்டை அரசு அருங்காட்சியகம். அங்கே கூட்டிப்போனால் அம்மன் காசு பற்றிச் சொல்லாமல் இருக்கமாட்டேன். புதுக்கோட்டை சமஸ்தானம் வெளியிட்ட குட்டிச் செப்புக்காசு. ஒரு பக்கம் எங்கள் பிரகதாம்பாள், மறுபக்கம் தெலுங்கில் 'விஜய'. நவராத்திரியில் அரிசியோடு இதைத் தானமாகக் கொடுப்பார்களாம். நிறையக் காசு என்பதை ஆங்கிலத்தில் சொல்லுங்கள் என்பேன். காசு எண்ணக்கூடியது, ஆகவே 'எ லார்ஜ் நம்பர் ஆஃப் காயின்ஸ்'. நிறையப் பணம் என்றால் 'எ லார்ஜ் அமவுன்ட் ஆஃப் மணி', அல்லது 'எ லார்ஜ் சம்'.

"பணத்தை எண்ண முடியாதா சார்? பேங்க்ல அதுக்கு மெஷினே வச்சிருக்காங்களே" என்று ஒரு பெண் மடக்கினாள்.

நியாயமான கேள்வி. மெஷின் எண்ணுவது நோட்டை, 'மணி'யை அல்ல. ஒரு நோட், இரண்டு நோட் என்று வரும். 'ஒன் மணி, டூ மணி' வராது. முன்னால் எண் போட்டுப் பாருங்கள். ஒட்டினால் 'நம்பர்', ஒட்டாவிட்டால் 'அமவுன்ட்'. 'எ நம்பர் ஆஃப் காயின்ஸ்' வந்தால் வினை 'ஆர்'. 'தி நம்பர் ஆஃப் காயின்ஸ்' வந்தால் 'இஸ்'. கேள்வித்தாள் தயாரிப்பவர்களுக்கு இந்த இடம் ரொம்பப் பிடிக்கும்.

'கிரேட்' பெரும்பாலும் கைக்கு அகப்படாதவற்றோடு வரும்: கேர், டிஃபிகல்ட்டி, இம்பார்ட்டன்ஸ். 'எ கிரேட் டீல் ஆஃப்' நேரத்துக்கும் சிரமத்துக்கும் சரி, மரத்துக்கு ஆகாது.

மரம் என்றதும் கஜா புயல் வந்துவிடும். 2018 நவம்பர் 16 அதிகாலையைப் பற்றி ஒரு பத்தி எழுதச் சொல்வது என் வழக்கம். பட்டியல் மனப்பாடம் செய்தவனைவிட, தன் தோப்பு விழுந்ததை எழுதுகிறவனுக்குச் சொல் நன்றாகத் தங்குகிறது. கீரமங்கலம் பக்கத்துப் பிள்ளைகள் பக்கம் பக்கமாக எழுதுவார்கள். சேதத்துக்கு 'எக்ஸ்டென்சிவ்' அல்லது 'சிவியர்', இழப்புக்கு 'ஹெவி' என்று திருத்திக்கொண்டே வருவேன். சாய்ந்த தென்னையை 'ஃபைவ் தவுசண்ட் ட்ரீஸ்' என்றால் தவுசண்டுக்கு 'எஸ்' கிடையாது. ஆயிரக்கணக்கில் என்றால் 'எஸ்'ஸும் வேண்டும், 'ஆஃப்'பும் வேண்டும்: 'தவுசண்ட்ஸ் ஆஃப் ட்ரீஸ்'.

லட்சக்கணக்கில் என்பதற்கு 'லேக்ஸ் ஆஃப்' நம் நாட்டுத் தேர்வுகளில் செல்லும். ஐஇஎல்டிஎஸ் எழுதப் போகும் நர்ஸ் பிள்ளைகளுக்கு மட்டும் 'ஹண்ட்ரட்ஸ் ஆஃப் தவுசண்ட்ஸ்' என்று பழக்குகிறேன். நம் உச்சரிப்பில் லட்சமும் ஏரியும் ஒன்றுதான். எதிரே உட்கார்ந்திருக்கும் வெள்ளைக்காரர், புயலில் புதுக்கோட்டை ஏரியெல்லாம் சாய்ந்துவிட்டதாக எடுத்துக்கொள்வார்.