குன்றத்தூரில் வழிகாட்ட வருபவர்களுக்கு

பள்ளி முடிக்கும் பிள்ளைகளுக்கு ‘அடுத்து என்ன’ என்று எடுத்துச் சொல்ல முன்வந்திருக்கும் இளம் ஆசிரியர்களே, தன்னார்வலர்களே, எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

1. முதல் மதிப்பெண் வாங்கிய பிள்ளைக்கு ஊரே வழி சொல்லும். நீங்கள் தேடிப் போக வேண்டியது 600-க்கு 320 வாங்கிய பிள்ளையை, பத்தாம் வகுப்பில் கணக்குப் போய்விட்டதென்று வீட்டோடு முடங்கிய பிள்ளையை. ரிசல்ட் வந்த வாரமே போய்விடுங்கள். துணைத்தேர்வுக்கு விண்ணப்பிக்கத் தரும் நாட்கள் கொஞ்சம்தான். அதைத் தவறவிட்டு வேலைக்குப் போய்க் கையில் காசு பார்த்த பையனைத் திரும்பப் படிப்புக்குக் கொண்டுவருவது பெரும்பாடு.

2. 1908-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஃபிராங்க் பார்சன்ஸ் என்பவர் தொழில் வழிகாட்டலுக்கென்றே ஓர் அலுவலகம் தொடங்கினார். ஆளை அறி, வேலையை அறி, பிறகு இரண்டையும் பொருத்திப் பார் என்பது அவர் வைத்த வரிசை. நம்மில் பலர் பிள்ளை வாய் திறக்கும் முன்பே கோர்ஸ் பெயரைச் சொல்லிவிடுகிறோம். முதலில் பெற்றோர் இல்லாமல் பத்து நிமிஷம் பேசுங்கள். வீட்டில் சம்பாதிப்பவர் யார், இருட்டிய பிறகு பஸ்ஸில் வர விடுவார்களா, எந்தப் பாடத்தை யாரும் சொல்லாமலே எடுத்துப் படிக்கிறாள் என்று கேளுங்கள். அப்புறம் பெற்றோரைக் கூப்பிடுங்கள்.

3. பார்க்காத வேலையைப் பற்றிப் பேசாதீர்கள். நம் பக்கத்திலேயே திருமுடிவாக்கம் சிட்கோ இருக்கிறது. இருங்காட்டுக்கோட்டையில் 1998-இல் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கியது; ஒரகடம் வரை ஆலைகள்தான். ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் இறங்கும் பிள்ளைகளிடம் விசாரியுங்கள்: எத்தனை மணி நேரம் நிற்க வேண்டும், கம்பெனி ஆளா, கான்ட்ராக்ட் ஆளா, பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடிக்கிறார்களா? 1961-ஆம் ஆண்டு தொழிற்பழகுநர் சட்டப்படி பயிற்சி எடுத்துத் தேர்ச்சி பெற்றால் தேசியச் சான்றிதழ் கிடைக்கும். கான்ட்ராக்டில் இரண்டு வருஷம் அதே மெஷினில் நின்றவனுக்கு அந்தக் காகிதம் இல்லை. சேரும்போது சம்பளம் ஏறக்குறைய ஒன்றாகத் தெரியலாம். வித்தியாசத்தை நீங்கள்தான் விளக்க வேண்டும்.

4. ஐ.டி.ஐ. என்றதும் முகம் சுருங்கும் அப்பாவுக்குத் தாளில் ஓர் ஏணி வரைந்து காட்டுங்கள். பத்தாம் வகுப்பு முடித்து இரண்டு வருஷ ஐ.டி.ஐ. படித்தவர் பாலிடெக்னிக்கில் நேரே இரண்டாம் ஆண்டில் சேரலாம். டிப்ளமோ முடித்தவர் பி.இ. இரண்டாம் ஆண்டில் சேரலாம். இடையில் எந்தப் படியிலும் நின்று சம்பாதித்துவிட்டு மேலே ஏறலாம். எட்டாம் வகுப்போடு நின்றவருக்கும் வெல்டர், வயர்மேன் பிரிவுகள் உண்டு. அரசு ஐ.டி.ஐ.யில் பயிற்சிக் கட்டணம் கிடையாது, மாதா மாதம் உதவித்தொகையும் தருகிறார்கள். இதைக் கேட்டதும் நிமிர்ந்து உட்காரும் அம்மாக்களை நீங்கள் பார்ப்பீர்கள்.

5. எந்தத் தொழிலையும் தாழ்த்திப் பேசாதீர்கள். இது சேக்கிழார் பிறந்த ஊர். சோழனின் அமைச்சராக இருந்தவர் அவர். அவருடைய பெரியபுராணத்தில் குயவர் திருநீலகண்டரும், துணி வெளுத்த திருக்குறிப்புத் தொண்டரும், மீன் பிடித்த அதிபத்தரும், நெசவு செய்த நேசரும் அரசர்களோடு ஒரே வரிசையில் நிற்கிறார்கள்.

6. சலுகைகளைப் பன்னிரண்டாம் வகுப்பில் சொல்வது தாமதம். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவத்தில் 2020 முதலும், பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளில் 2021 முதலும் 7.5 சதவீத இடங்கள் உண்டு. பிள்ளை நன்றாகப் படிக்கிறாள் என்று கடன் வாங்கிப் பதினோராம் வகுப்புக்குத் தனியார் பள்ளியில் சேர்த்தால் அந்த உரிமை போய்விடும். 2022-இல் வந்த புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாயும் போகும். ஆகவே எட்டாம் வகுப்புப் பெற்றோர் கூட்டத்திலேயே சொல்லிவிடுங்கள். வீட்டில் முதல் பட்டதாரி என்றால் அதற்கான சான்றிதழையும் கவுன்சலிங்குக்கு முன்பே வாங்கி வைக்கச் சொல்லுங்கள்.

7. முதலாண்டுக் கட்டணத்தை மட்டும் பார்த்துக் கல்லூரி முடிவாகக் கூடாது. பஸ், விடுதி, தேர்வுக் கட்டணம் சேர்த்து நான்கு வருஷத்துக்கும் கூட்டிப் பாருங்கள். இடம் பிடித்துத் தருகிறேன் என்று அசல் மதிப்பெண் சான்றிதழைக் கேட்பவரிடம் கொடுக்க விடாதீர்கள்.

8. முடிவு பிள்ளையுடையது. இரண்டு மூன்று வழிகளை அதனதன் கஷ்டத்தோடு சேர்த்துச் சொல்லி, ஒரு வாரம் யோசிக்க விடுங்கள்.

9. சேர்த்துவிட்டதோடு விட்டுவிடாதீர்கள். தமிழ் வழியில் படித்த பிள்ளை ஆங்கிலப் பாடத்தில் திணறி, முதல் செமஸ்டரில் அரியர் விழுந்ததும் யாரிடமும் சொல்லாமல் நின்றுவிடும். பெயரும் போன் நம்பரும் ஒரு நோட்டில் எழுதி, தீபாவளி லீவில் ஒருமுறை, பொங்கல் லீவில் ஒருமுறை கூப்பிட்டுப் பேசுங்கள். போட்டித் தேர்வு எழுத நினைப்பவர்களைக் காஞ்சிபுரம் மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையத்துக்கு அனுப்புங்கள். அங்குள்ள தன்னார்வப் பயிலும் வட்டத்தில் இலவசமாகவே பயிற்சி கிடைக்கும். முதல் தடவை மட்டும் நீங்களும் கூடவே போய்வாருங்கள்.