பின்டயர் சும்மா உருள்வதில்லை

ரப்பர் மரம் நின்ற சீஃபீல்டு தோட்டத்தின் மேல் எழுந்த ஊர் சுபாங் ஜெயா. எஸ்எஸ் 15 முதல் யூஎஸ்ஜே தைப்பான் வரை இங்கே டயர் கடைக்குப் பஞ்சமில்லை. ஆனாலும் டயரில் கம்பி எட்டிப் பார்த்த பிறகுதான் பலருக்கு அந்தக் கடை நினைவுக்கு வருகிறது. பின்டயரின் உள்விளிம்பு தேய்ந்திருந்தால் குனிந்து, கைபேசி விளக்கை அடித்துப் பார்த்தாலொழியத் தெரியாது. வெளிப்பக்கம் புத்தம் புதிதாகத் தோன்றும்.

நம்பிக்கை: ஸ்டியரிங் முன்னால்தானே இருக்கிறது, பின்சக்கரத்துக்கு எதற்கு அலைன்மென்ட்?

பின்சக்கரங்கள் இரண்டும் லேசாக ஒரே பக்கம் பார்த்தால் வண்டியின் பின்புறம் அந்தப் பக்கம் ஒதுங்கிக்கொண்டே போகும். ஓட்டுபவர் தன்னை அறியாமல் ஸ்டியரிங்கைச் சற்றுத் திருப்பிப் பிடித்துச் சமாளிப்பார். முன்சக்கரத்தை மட்டும் எத்தனை முறை சரிசெய்தாலும் இந்தக் கோளாறு தீராது. பின்னால் முதலில், முன்னால் பிறகு. வரிசை அதுதான்.

தேய்மானத்துக்கு ஒரு கணக்கு. சக்கரத்தின் ரிம் ஏறத்தாழ 400 மில்லிமீட்டர் விட்டம். அதன் முன்விளிம்பு, பின்விளிம்பைவிட 1 மி.மீ. உள்ளே திரும்பியிருந்தால் அந்த டயர் கிலோமீட்டருக்கு இரண்டரை மீட்டர் பக்கவாட்டில் உரசுகிறது. தீபாவளிக்கு ஈப்போ போக ஏறக்குறைய 200 கிலோமீட்டர் என்று வையுங்கள். அரைக் கிலோமீட்டர் உரசல். திரும்பி வரும்போது இன்னொரு அரை.

நம்பிக்கை: கையை விட்டாலும் வண்டி நேராகப் போகிறது, ஆகவே எல்லாம் சரி.

இரு பின்சக்கரங்களும் சம அளவில் வெளியே விரிந்திருந்தால் ஒன்றின் இழுப்பை மற்றது ஈடுகட்டிவிடும். வண்டி நேராகத்தான் போகும், டயர் இரண்டும் கரையும். மறுபுறம், வண்டி ஒரு பக்கம் இழுத்தால் குற்றவாளி அலைன்மென்ட்தான் என்றும் சொல்லிவிட முடியாது. காற்றழுத்தம் குறைந்திருக்கலாம், மழைநீர் வடியச் சாய்த்துப் போட்ட சாலையும் இழுக்கும்.

நம்பிக்கை: உள்பக்கம் தேய்ந்தால் கேம்பர்தான் காரணம்.

கையால் தடவிப் பாருங்கள். குறுக்கே ஒரு திசையில் வழவழப்பு, எதிர்த்திசையில் ரம்பப்பல் போன்ற கூர்மை என்றால் சக்கரம் திரும்பியிருக்கும் கோணம், அதாவது டோ, பிசகியிருக்கிறது. பல்லே இல்லாமல் ஓரம் மட்டும் வழுக்கையானால் சக்கரம் சாய்ந்திருக்கும் கோணத்தை, அதாவது கேம்பரை, சந்தேகிக்கலாம். ஸ்பிரிங்கை வெட்டி வண்டியைத் தாழ்த்தும் இளைஞர்களுக்கு இது நன்கு பழக்கமான தேய்மானம். பல வண்டிகளில் தாழ்த்தும்போது கேம்பரோடு டோவும் மாறிவிடுவதால் உள்விளிம்பு இரட்டை வேகத்தில் போய்விடும். நடுவில் மட்டும் தேய்ந்தால் காற்று அதிகம், இரு ஓரமும் தேய்ந்தால் காற்று குறைவு. ஆங்காங்கே குழி குழியாக இருந்தால் அப்சார்பரையும் பேலன்சிங்கையும் பாருங்கள்.

நம்பிக்கை: கம்ப்யூட்டர் இல்லாமல் வீட்டில் ஒன்றும் செய்ய முடியாது.

டோவை அளக்க நூல் போதும். வண்டியின் இருபுறமும் சக்கர மையத்தின் உயரத்தில் நூலை இழுத்துக் கட்டுங்கள். இரு நூல்களுக்கும் இடையிலுள்ள தூரம் முன்னாலும் பின்னாலும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒவ்வொரு அச்சிலும் நூலிலிருந்து இடச்சக்கர மையமும் வலச்சக்கர மையமும் சம தூரத்தில் இருக்க வேண்டும். பின்சக்கரத்தின் அளவை முன்சக்கரத்தோடு ஒப்பிடாதீர்கள். பல வண்டிகளில் முன் அச்சின் அகலமும் பின் அச்சின் அகலமும் வேறு. பிறகு நூலிலிருந்து ரிம்மின் முன்விளிம்புக்கும் பின்விளிம்புக்கும் அளந்து பாருங்கள். முன்விளிம்பின் தூரம் அதிகமானால் சக்கரம் உள்நோக்கிப் பார்க்கிறது. ரிம் வளைந்திருக்கக்கூடும் என்பதால் சக்கரம் அரைச்சுற்று சுழலும்படி வண்டியை உருட்டி மறுபடி அளந்து பாருங்கள். கேம்பரைக் கைபேசியின் மட்டமானியால் பார்ப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: நம் வீட்டு போர்ச் சரிவானது, அந்தச் சரிவும் எண்ணோடு கலந்துவிடும்.

அளப்பது எல்லா வண்டிக்கும் பொது. திருத்துவது அப்படியல்ல. மைவி, ஆக்சியா, இப்போதைய சாகா, வியோஸ் போன்றவற்றில் பின்சக்கரங்களை டார்ஷன் பீம் என்னும் ஒரே இரும்புச் சட்டம் இணைக்கிறது. அதில் முறுக்கித் திருத்த போல்ட்டே கிடையாது. அளவு பிசகியிருந்தால் சட்டம் வளைந்திருக்கிறது, அல்லது புஷ்ஷோ பேரிங்கோ போயிருக்கிறது. உடைந்ததைக் கண்டுபிடித்து மாற்றுவதுதான் வேலை. ஹோண்டா சிவிக் போலப் பல கரங்கள் கொண்ட பின்பக்கம் என்றால் டோவைத் திருத்தும் போல்ட் இருக்கும். தளர்த்தும் முன் அதன் பழைய இடத்தைப் பெயின்ட்டால் குறித்துக்கொள்ளுங்கள். ஜாக்கை மட்டும் நம்பி வண்டிக்கடியில் போகாதீர்கள், ஸ்டாண்ட் கட்டாயம். இறக்கியபின் சில மீட்டர் முன்னும் பின்னும் உருட்டி, சஸ்பென்ஷன் படிந்த பிறகே மறுபடி அளக்க வேண்டும்.

நம்பிக்கை: டயரை இடம் மாற்றிப் போட்டால் தேய்மானம் நின்றுவிடும்.

நிற்காது. நான்கு டயருக்கும் பங்கு போகும், அவ்வளவே.

பள்ளத்தின் ஆழம் 1.6 மி.மீ. ஆனதும் டயரைக் கழற்றியாக வேண்டும். பள்ளத்துக்குள் குறுக்கே இருக்கும் மேடுதான் அதற்கு அடையாளம், உள்விளிம்பிலும் அதைத் தேடுங்கள். கடைசிச் சரிபார்ப்பைக் கடையில் செய்யும்போது, திருத்துவதற்கு முன்னும் பின்னுமான அளவுத்தாளைக் கேட்டு வாங்குங்கள். பின்சக்கரங்களின் எண்கள் இல்லாத தாளுக்குக் காசு கொடுக்காதீர்கள்.