அப்பா பெயரில் உள்ள பழைய பிக்கப்பை மாற்றியமைத்தால் குற்றமா?

கேள்வி:

நான் செரண்டாவில் வசிக்கிறேன். வயது 34. என் அப்பா தோட்டத்தில் கிராணியாக வேலை செய்தவர். அவருடைய டாட்சன் 620 பிக்கப்பில்தான் நானும் அக்காவும் பள்ளிக்கூடம் போய் வந்தோம். இரண்டு ஆண்டுகளுக்கு முன் அப்பா தவறிவிட்டார். உயில் எழுதவில்லை. வண்டியைத் தவிர பெரிதாகச் சொத்து எதுவும் கிடையாது. அம்மா என்னோடு இருக்கிறார். அக்கா கல்யாணமாகி பெஸ்தாரி ஜெயாவில் இருக்கிறார்.

வண்டியை விற்க மனம் வரவில்லை. இந்த ஆண்டு ஓர் ஒர்க்‌ஷாப்பில் விட்டுச் சீர்செய்தேன். பழைய ஹிட்டாச்சி கார்புரேட்டரை எடுத்துவிட்டு வெபர் 32/36 போட்டார்கள். அதன் ஏர் ஃபில்டர் உயரம் என்பதால் பானட் மூடவில்லை. அதனால் மேலே காற்று வாங்கும் மேடு வைத்த ஃபைபர் பானட் ஒன்று செய்து, கறுப்புச் சாயம் அடித்துப் பொருத்தினார்கள். மற்ற இடமெல்லாம் பழைய வெளிர்நீலம்தான். பழைய பானட்டையும் கார்புரேட்டரையும் கேட்டால் இரும்புக் கடைக்குப் போட்டாச்சு என்கிறார் முதலாளி. ஸ்டார்ட் செய்தால் பெட்ரோல் வாடை அடிக்கிறது. அதைச் சொன்னால், பழைய வண்டி அப்படித்தான் இருக்கும் என்கிறார்.

ரோட் டாக்ஸ், இன்சூரன்ஸ் எல்லாம் இன்னும் அப்பா பெயரில்தான். நான்தான் புதுப்பித்து வருகிறேன். ஜேபிஜே (சாலைப் போக்குவரத்து இலாகா) கண்ணில் பட்டால் வண்டியை இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று நண்பர் பயமுறுத்துகிறார். நான் செய்தது குற்றமா?

வழக்கறிஞரின் பதில்:

தம்பி, நீங்கள் பானட்டைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைத்தது அதற்குக் கீழே எழுதியிருக்கும் இரண்டு வரிகள்: பெட்ரோல் வாடையும், அப்பா பெயரில் நீங்கள் புதுப்பித்த இன்சூரன்சும். இந்த இரண்டும் தீரும்வரை வண்டியை வீட்டு வாசலை விட்டு வெளியே எடுக்காதீர்கள். ராவாங்குக்கு ஒரு நடை போய் வருவதாக இருந்தாலும் வேண்டாம்.

இன்சூரன்சிலிருந்து தொடங்குகிறேன். காப்புறுதி என்பது ஓர் ஒப்பந்தம். அப்பா உயிரோடு இருந்தபோது எடுத்த காப்புறுதி வேறு. அவர் மறைந்த பிறகு அவர் பெயரில் புதுப்பித்தது வேறு. இரண்டாவது, உலகில் இல்லாத ஒருவரோடு நிறுவனம் போட்ட ஒப்பந்தம். பிரீமியம் கட்டிய ரசீது கையில் இருப்பதாலும், இணையத்தில் எந்தத் தடங்கலும் இல்லாமல் புதுப்பிக்க முடிந்ததாலும் அது செல்லுபடியாகிவிடாது. விபத்து நடந்து, கோரிக்கை வைக்கும் நாளில்தான் நிறுவனம் இறப்புச் சான்றிதழின் தேதியைப் பார்க்கும். அன்று நீங்கள் காப்புறுதி இல்லாமல் வண்டி ஓட்டியவராக நிற்க நேரலாம். 1987ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டம், 90ஆவது பிரிவின்படி அதற்கு 1,000 வெள்ளி வரை அபராதம், 3 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். அதோடு 12 மாதங்களுக்கு ஓட்டுநர் உரிமமும் போகும். மோட்டார் சைக்கிளில் வந்த ஒரு பையனின் கால் முறிந்தால் அவனுக்குக் கொடுக்க வேண்டிய இழப்பீடு தனி. அது ஆயிரக்கணக்கில் நிற்காது.

நம் குடும்பங்களில் இது அடிக்கடி நடக்கிறது. அப்பாவின் பெயரை எடுப்பது அவரை மறுபடி இழப்பது போல் இருக்கிறது என்று அம்மாக்கள் சொல்வார்கள். அந்த மனம் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தப் பெயர் வண்டியின் பதிவுச் சான்றான கிராண்டில் இருக்கும்வரை, அப்பா விட்டுப்போன வண்டி உங்களைக் காப்பாற்றாது.

அடுத்து, வண்டி யாருடையது? நீங்கள் சீர்செய்தீர்கள், செலவு செய்தீர்கள். இருந்தாலும் அது இன்னும் உங்களுடையது ஆகவில்லை. முஸ்லிம் அல்லாதவர் உயில் எழுதாமல் இறந்தால், தீபகற்ப மலேசியாவில் 1958ஆம் ஆண்டின் பங்கீட்டுச் சட்டம் பொருந்தும். அப்பாவைப் பெற்ற தாத்தா பாட்டி இருவரும் இல்லை என்றால், அம்மாவுக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி மூன்றில் இரண்டு பங்கு பிள்ளைகளுக்குச் சமமாக. உங்கள் வீட்டுக் கணக்கில் அம்மா, அக்கா, நீங்கள் ஆகிய மூவருக்கும் சரிசமமாக ஆளுக்கு ஒரு பங்கு. அப்பாவைப் பெற்ற பாட்டி உயிரோடு இருந்தால் கணக்கு மாறும்: அவருக்கு நாலில் ஒன்று, அம்மாவுக்கு நாலில் ஒன்று, பிள்ளைகள் இருவருக்கும் சேர்த்துப் பாதி. கட்டிக் கொடுத்த பெண்ணுக்குப் பங்கில்லை என்று இன்னமும் சில பெரியவர்கள் பேசுகிறார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. மகனுக்கும் மகளுக்கும் அதில் ஒரே அளவுதான். அதனால் அக்காவிடம் கேட்காமல் பானட்டை மாற்றியது, அவருக்கும் சொந்தமான பொருளில் கைவைத்தது ஆகும். அவர் கோபப்பட மாட்டார் என்று நீங்கள் நினைக்கலாம். இருந்தாலும் இன்றே போன் செய்து சொல்லிவிடுங்கள்.

வீடு, நிலம் எதுவும் அப்பா பெயரில் இல்லை, இருப்பது வண்டியும் வங்கிச் சேமிப்பும் போன்ற அசையும் சொத்து மட்டும், மொத்தம் 600,000 வெள்ளியைத் தாண்டவில்லை என்றால் அமானா ராயா அறங்காவல் நிறுவனத்திடம் விண்ணப்பிக்கலாம். நீதிமன்றம் போக வேண்டியதில்லை. இறப்புச் சான்றிதழ், அம்மாவின் திருமணச் சான்றிதழ், உங்கள் இருவரின் பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டைகள், வண்டியின் கிராண்ட் ஆகியவற்றை எடுத்துப் போங்கள். அம்மாவும் அக்காவும் வண்டி உங்களுக்கே வரட்டும் என்று சம்மதித்தால், அந்தச் சம்மதத்தை அங்கேயே எழுத்தில் கொடுக்கச் சொல்லுங்கள். அப்பா பெயரில் தாமான் வீடோ கொஞ்சம் நிலமோ இருப்பதாகப் பிறகு தெரியவந்தால் வழி வேறு. அப்போது சிறிய சொத்துப் பங்கீட்டுப் பிரிவுக்குப் போக வேண்டும். அதனால் வீட்டு அலமாரியில் உள்ள பழைய கோப்புகளை ஒருமுறை முழுக்கப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். கையில் உத்தரவு வந்ததும் ஜேபிஜேயில் பெயர் மாற்றம்.

இப்போது நீங்கள் கேட்ட கேள்விக்கு வருகிறேன். சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 12ஆவது பிரிவு சொல்வதன் சாரம் இது: பதிவில் இருக்கும் விவரமும் சாலையில் ஓடும் வண்டியும் ஒன்றாக இருக்க வேண்டும். மாறினால் உரிமையாளர் ஜேபிஜேக்குத் தெரிவிக்க வேண்டும். மீறினால் 2,000 வெள்ளி வரை அபராதம், 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். உங்கள் கிராண்டை எடுத்துப் பாருங்கள். எஞ்சின் எண், சேசிஸ் எண், எஞ்சின் கொள்ளளவு, எரிபொருள், பாடி வகை போன்றவை இருக்கும். கார்புரேட்டர் என்ன பிராண்ட் என்று எங்கேயும் இருக்காது. ஹிட்டாச்சி போய் வெபர் வந்ததால் எஞ்சினின் கொள்ளளவு மாறவில்லை, எஞ்சின் எண் மாறவில்லை. எஞ்சினையே மாற்றியிருந்தால் என் பதில் முற்றிலும் வேறாக இருந்திருக்கும். கார்புரேட்டரை மட்டும் வைத்து 12ஆவது பிரிவின் கீழ் வழக்கு வந்தால், எதிர்த்து வாதிட இடம் இருக்கிறது என்பது என் கருத்து.

பானட்டில் அந்த அளவு தைரியமாகச் சொல்ல மாட்டேன். வண்டியின் நிறம் பதிவில் உள்ள விவரம். வெளிர்நீல வண்டியின் முகம் மட்டும் கறுப்பாக இருந்தால், சாலையில் நிறுத்தும் அதிகாரிக்கு முதலில் கண்ணில் படுவது அதுதான். அது பதிவை மாற்றும் அளவுக்கு மாற்றமா இல்லையா என்று அவரோடு சாலையோரத்தில் நின்று விவாதிப்பதில் பயனில்லை. ஃபைபர் பானட்டுக்கு அதே வெளிர்நீலத்தை அடித்துவிடுங்கள். இல்லை, கறுப்புதான் பிடித்திருக்கிறது என்றால், பெயர் மாற்றம் முடிந்தபின் விவர மாற்றத்துக்கான கே2 படிவத்தோடு ஜேபிஜேயிடம் கேட்டு, பதில் வாங்கிக்கொண்டு ஓட்டுங்கள்.

பானட்டுக்கு இன்னொரு சட்டமும் இருக்கிறது. 1959ஆம் ஆண்டின் மோட்டார் வாகன அமைப்பு, பயன்பாட்டு விதிகள். உதிரிபாகமும் கூடுதல் பொருத்துகையும் யாருக்கும் ஆபத்து விளைவிக்காத நிலையில் இருக்க வேண்டும், ஓட்டுநருக்கு முன்பக்கப் பார்வை மறையக் கூடாது என்பவை அதன் அடிப்படை. இருக்கையில் உட்கார்ந்து பாருங்கள். அந்த மேடு சாலையை மறைக்கிறதா? அம்மா உயரத்தில் இருக்கும் ஒருவர் அதே இருக்கையில் உட்கார்ந்தால் எப்படித் தெரியும்? மேட்டின் விளிம்பு கூராக இருந்து, மோதினால் ஆளை வெட்டுமா? எல்லாவற்றையும் விட முக்கியம், பானட்டின் பூட்டு. இரும்பு பானட்டுக்குச் செய்த பூட்டு இலேசான ஃபைபரைப் பிடித்து நிற்குமா என்று கேளுங்கள். நெடுஞ்சாலையில் பானட் எழும்பிக் கண்ணாடியில் அறைந்தால் ஓட்டுபவருக்கு எதிரே ஒன்றும் தெரியாது. பானட் பின் போட்டுப் பூட்டியிருக்கிறார்களா, ஃபைபருக்கு அடியில் தாங்கும் சட்டகம் இருக்கிறதா என்பதை வேறொரு மெக்கானிக்கிடம் காட்டி, அவர் சொல்வதை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் நண்பர் சொன்னது முழுப் பொய்யும் இல்லை, முழு உண்மையும் இல்லை. வண்டியைத் தடுத்து வைக்க அதிகாரம் இருக்கிறது. ஆனால் ஆபத்தான நிலையில் உள்ள வண்டிக்கு பிஜி1 என்ற தடை நோட்டீஸ் கொடுக்கும் வழியும் உண்டு. அதைக் கொடுத்தால், குறையைச் சரிசெய்து, பரிசோதனையில் காட்டி, தடையை நீக்கும்வரை ஓட்டக் கூடாது. நோட்டீசை டேஷ்போர்டு பெட்டியில் போட்டுவிட்டு ஓட்டுவது, சின்னத் தவறைப் பெரிய வழக்காக்கும். கிராண்டில் வண்டியின் வகையையும் பார்த்துவிடுங்கள். தோட்டத்துக் காலத்துப் பிக்கப்புகள் சரக்கு வாகனமாகப் பதிவானது உண்டு. அந்த வகை என்றால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனை கட்டாயம்.

பெட்ரோல் வாடை பழைய வண்டியின் குணம் கிடையாது, தம்பி. நன்றாக இருக்கும் கார்புரேட்டர், எந்த வயதானாலும், பானட்டுக்கு அடியில் பெட்ரோலைக் கசிய விடாது. மிதவை மட்டம் தவறியிருக்கலாம், பம்பின் அழுத்தம் அதிகமாக இருக்கலாம், அடாப்டர் தட்டுக்கு அடியில் கேஸ்கெட் சரியாக உட்காராமல் இருக்கலாம், பழைய ரப்பர் குழாயையே மறுபடி மாட்டியிருக்கலாம். அதற்கு அருகிலேயே சூடான எக்சாஸ்ட் குழாய். மேலே எளிதில் எரியும் ஃபைபர். எரிபொருள் தேவைக்கு மேல் போனால் புகையில் கார்பன் மோனாக்சைடும் கூடும். 1996ஆம் ஆண்டின் பெட்ரோல் எஞ்சின் புகைக் கட்டுப்பாட்டு ஒழுங்குமுறைகள் பழைய கார்புரேட்டர் வண்டிகளையும் விட்டுவிடவில்லை. சரியான ஜெட் போட்டு டியூன் செய்து, அளந்து தரச் சொல்லுங்கள்.

பெயர் மாறியதும் புதிய காப்புறுதி எடுக்கும்போது, மாற்றம் செய்யப்பட்டதா என்று நிறுவனம் கேட்கும். உள்ளதைச் சொல்லுங்கள். 2013ஆம் ஆண்டின் நிதிச் சேவைகள் சட்டம், தவறான தகவல் தராமல் இருக்க நியாயமான கவனம் எடுப்பதை உங்கள் கடமை ஆக்குகிறது. கவனக்குறைவான பதிலையும் வேண்டுமென்றே சொன்ன பொய்யையும் அது ஒரே தட்டில் வைப்பதில்லை. ஆனாலும் இரண்டிலும் நஷ்டம் உங்களுக்குத்தான். முகவரிடம் வாயால் சொன்னது போதாது. ஃபோட்டோக்களோடு மின்னஞ்சல் அனுப்பி, பதிலையும் வைத்துக்கொள்ளுங்கள். வண்டியின் நிலையைக் காட்டி, அடிபட்ட மூன்றாம் நபருக்குப் பணம் தர மறுக்க நிறுவனத்தைச் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 95ஆவது பிரிவு விடாது. ஆனால் கொடுத்ததை உங்களிடமிருந்து திரும்பக் கேட்க அதே பிரிவு இடம் தருகிறது. இவ்வளவு பழைய வண்டிக்குப் பெரும்பாலும் மூன்றாம் நபர் காப்புறுதி மட்டுமே கிடைக்கும். உங்கள் வண்டியே தீப்பிடித்தால் அதில் ஒரு காசும் வராது. தீ, திருட்டு சேர்த்துத் தருவார்களா என்று கேட்டுப் பாருங்கள்.

கடைசியாக ஒர்க்‌ஷாப். பழைய பானட்டும் கார்புரேட்டரும் உங்கள் குடும்பத்தின் சொத்து. கழற்றியதால் அவை அவருடையவை ஆகிவிடாது. உங்கள் சம்மதமில்லாமல் இரும்புக் கடைக்குப் போட்டதற்கு அவர் பதில் சொல்ல வேண்டும். டாட்சன் 620இன் உற்பத்தி 1979இல் நின்றது. நல்ல பானட்டுக்கு இன்று விலை கேட்டுப் பாருங்கள், இழப்பு எவ்வளவு என்று தெரியும். 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம், சேவை தருபவர் நியாயமான கவனத்தோடும் திறமையோடும் வேலை செய்ய வேண்டும் என்கிறது. பெட்ரோல் கசியும் வேலை அந்த அளவுக்கு வராது. முதலில் கடிதம் எழுதுங்கள்: கசிவை இலவசமாகச் சரிசெய்ய வேண்டும், பழைய பாகங்களைத் தர வேண்டும், இல்லையேல் அவற்றின் மதிப்பைத் தர வேண்டும். 14 நாள் அவகாசம் கொடுங்கள். பதில் இல்லையென்றால் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் மனு போடலாம். மனுக் கட்டணம் 5 வெள்ளி. 50,000 வெள்ளி வரை கோரலாம். பொதுவாக அங்கே வழக்கறிஞர் வர அனுமதியில்லை, நீங்களே பேசலாம். மூன்று ஆண்டுகளுக்குள் போட்டுவிட வேண்டும். ரசீது, வாட்ஸ்அப்பில் பேசியது, வண்டியை விடுவதற்கு முன் எடுத்த ஃபோட்டோ எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள். கசிவை வேறொரு மெக்கானிக் சரிசெய்தால், அவர் கண்ட குறையை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்கள். கழற்றிய பாகங்களை இந்த முறை அங்கேயே விட்டுவிடாமல் கையோடு வாங்கி வாருங்கள்.