நம் காணியின் விலையை யார் சொல்வது?

கைத்தொலைபேசியில் ஊர்ப் பெயரைத் தட்டினால் ஒரு பேர்ச் காணியின் விலை வந்துவிடுகிறது. வீட்டின் அளவைச் சொன்னால் வீட்டின் விலையையும் கணினியே கணித்துச் சொல்லும் முறை இன்று பல நாடுகளில் உண்டு. சப்ரகமுவவில் மண்சரிவாலும் பாதைத் திட்டங்களாலும் இடம்பெயர்ந்துள்ள நமது குடும்பங்கள் இந்த விலையை எவ்வளவு தூரம் நம்பலாம்? இப்பாடத்தில் அதனை ஆராய்வோம்.

கணினி எப்படிக் கணக்கிடுகிறது?

கணினி காணியை நேரில் காண்பதில்லை. அருகில் விற்ற காணிகளின் விலை, பரப்பு, பாதைக்கு உள்ள தூரம் போன்ற விபரங்களைச் சேர்த்து ஒரு தொகையைத் தருகிறது. ஒரே மாதிரியான வீடுகள் அடிக்கடி கைமாறும் நகரங்களில் இக்கணக்கு ஓரளவு பொருந்தும். தோட்டப்புறத்தில் விற்பனையே குறைவு. மேலும், விளம்பரத்தில் காண்பது விற்பவர் கேட்கும் விலை. வாங்குபவர் கொடுத்த விலையன்று.

அமெரிக்காவின் சில்லோ நிறுவனம் 2006 முதல் வீடுகளின் விலையைக் கணினியால் கணித்து வெளியிட்டு வருகிறது. பின்னர் தானே வீடுகளை வாங்கி விற்கவும் தொடங்கியது. 2021 நவம்பரில் அந்த வியாபாரத்தை மூடுவதாக அறிவித்தது. வீட்டு விலையின் போக்கை முன்கூட்டிக் கணிப்பது எதிர்பார்த்ததை விடக் கடினம் என்பதே அது சொன்ன காரணம். விபரங்கள் நிறைந்த நாட்டிலேயே நிலைமை இதுவென்றால், தெரணியகலை மலைச்சரிவிலுள்ள காணிக்குக் கணினி சொல்லும் விலை எப்படியிருக்கும்?

விலைமதிப்பாளர் என்ன பார்க்கிறார்?

பயிற்சி பெற்ற விலைமதிப்பாளர் காணிக்கு வருகிறார். அவர் கையாளும் முறைகள் மூன்று:

1. ஒப்பீட்டு முறை: அண்மையில் விற்ற ஒத்த காணிகளுடன் ஒப்பிடுதல்.
2. வருமான முறை: காணி தரும் வருமானத்திலிருந்து அதன் பெறுமதியைக் காணுதல்.
3. செலவு முறை: அதே கட்டிடத்தை இன்று கட்ட ஆகும் செலவிலிருந்து பழமைக்காக ஒரு தொகையைக் கழித்தல்.

40 பேர்ச் கொண்ட இரு காணிகளை எடுத்துக்கொள்வோம். ஒன்றில் பால் வெட்டும் பருவத்து ரப்பரும், காய்க்கும் மிளகுக் கொடிகளும், வற்றாத ஊற்றும் உண்டு. மற்றது வெறும் பற்றைக்காடு. மேலே மண் வெடித்திருக்கிறது. கணினிக்கு இரண்டும் 40 பேர்ச்தான். நேரில் வருபவருக்கு இரண்டும் ஒன்றல்ல.

ஆனால் வருபவரும் மனிதரே. அவசரத்தில் அவர் ஊற்றைக் காணாமல் போகலாம். அதைக் காட்டுவது நமது வேலை.

சட்டம் தரும் இடம்

அரசு பொதுத் தேவைக்காகத் தனியார் காணியைக் கட்டாயமாகப் பெறுவது 1950ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கக் காணி எடுத்தற் சட்டத்தின் கீழாகும். கஹதுடுவையிலிருந்து இரத்தினபுரி ஊடாகப் பெல்மதுளை வரை வகுக்கப்பட்ட ருவன்புர அதிவேகப் பாதை போன்ற திட்டங்களுக்கு இச்சட்டமே பயன்படுகிறது. நட்டஈட்டுக்கு அடிப்படை சந்தை விலை. விருப்பத்துடன் விற்பவர் திறந்த சந்தையில் விற்றால் கிடைக்கக்கூடிய தொகையே அது. அரசின் சார்பில் மதிப்பிடுவது விலைமதிப்புத் திணைக்களம்.

7ஆம் பிரிவு அறிவித்தல் வந்ததும் நாம் எழுத்தில் கோரிக்கை வைக்க வேண்டும். காணியில் நமக்குள்ள உரிமை, கேட்கும் தொகை, அத்தொகையைக் கணக்கிட்ட விதம் ஆகிய மூன்றையும் அதில் எழுதுதல் அவசியம். "தொலைபேசியில் இப்படிக் காட்டியது" என்பது கணக்காகாது. தீர்மானிக்கப்பட்ட தொகை போதாதெனில், அறிவித்தல் கிடைத்து 21 நாட்களுக்குள் காணி எடுத்தல் மீளாய்வுச் சபைக்கு மேன்முறையீடு செய்யலாம். அந்நாட்களைத் தவறவிட்டால் நல்ல கணக்கும் பயன்படாது.

உறுதி இல்லாத லயத்துக் குடும்பங்கள் என்ன செய்வது? அபிவிருத்தித் திட்டங்களால் இடம்பெயர்வோருக்காக 2001இல் ஏற்கப்பட்ட தேசிய மீள்குடியேற்றக் கொள்கை, ஆவணம் இல்லாதவர்களும் நியாயமாக நடத்தப்பட வேண்டும் என்கிறது. எனவே காணி நம் பெயரில் இல்லாவிட்டாலும், நாம் கட்டிய அறை, வைத்த மரம், இழந்த வருமானம் ஆகியவற்றை எழுதிக் கொடுப்போம்.

2016 மே மாதம் அரநாயக்க சாமசர மலை சரிந்தபோது வீடுகள் அடையாளமின்றி மண்ணுக்குள் போயின. 2025 நவம்பரில் டித்வா புயலும் கேகாலை மாவட்டத்தைத் தாக்கியது. மண் மூடிய வீட்டை எந்த விலைமதிப்பாளரும் அளக்க முடியாது. அவ்வேளையில் முன்பே எடுத்துவைத்த ஆதாரமே பேசும்.

இப்போதே செய்யக்கூடியவை

- உறுதி, அனுமதிப்பத்திரம், நில அளவைப் படம், மின்கட்டணப் பற்றுச்சீட்டு ஆகியவற்றின் பிரதிகளை வேறோர் இடத்திலும் வைப்போம்.
- வீட்டை நான்கு பக்கமும், உள்ளேயும் படம் எடுப்போம்.
- மரங்களின் வகை, எண்ணிக்கை, வயது ஆகியவற்றைக் கொப்பியில் எழுதுவோம்.
- கொழுந்து, ரப்பர் பால் விற்ற சீட்டுகளை எறியாதிருப்போம்.
- அருகில் விற்ற காணிகளின் உண்மை விலையை விசாரித்துக் குறிப்போம். கணினி காட்டும் விலையையும் குறிக்கலாம். அது விசாரணையின் தொடக்கமே.
- விலைமதிப்பாளர் வரும் நாளில் குடும்பத்தில் ஒருவராவது கூடவே நடப்போம்.

குழுவில் கலந்துரையாட

1. நம் காணியில் படத்திலோ கணினியிலோ தெரியாத பெறுமதிகள் எவை?
2. நம்மிடம் இல்லாத ஆவணம் எது? அதைப் பெற யாரிடம் போக வேண்டும்?
3. எழுத இயலாத அயலவருக்குக் கோரிக்கை எழுத நம்மில் யார் உதவுவார்?