மலிவாக விற்றால்தான் பிழைப்பா? சிறு பண்ணையின் விலையும் விளைபொருளும்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

பஹ்ரைனின் ஈசா டவுனிலும் மனாமாவிலும் வேலை பார்க்கும் நம்மவர்கள் பலருக்கு ஒரு கனவு உண்டு: ஊருக்குத் திரும்பி, இருக்கிற இரண்டு மூன்று ஏக்கரில் குடும்பமாகப் பண்ணை நடத்த வேண்டும். சிலர் வீட்டில் இங்கிருந்து போகும் பணத்தை வைத்து அப்பாவும் தம்பியும் ஏற்கெனவே தொடங்கிவிட்டார்கள். விதை, சொட்டுநீர், உரம் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறோம். எதை விற்பது, என்ன விலைக்கு விற்பது என்ற பேச்சு மட்டும் அறுவடைக்குப் பிறகுதான் வருகிறது. நன்றாக விளைந்தும் கையில் காசு நிற்காமல் போவது இங்கேதான். இதைச் சுற்றியுள்ள சில நம்பிக்கைகளைச் சரிபார்ப்போம்.

நம்பிக்கை: விலையைக் குறைத்தால்தான் சரக்கு நகரும்.

உண்மை: மலிவில் பெரியவனோடு போட்டி போட்டுச் சிறியவன் ஜெயிக்க முடியாது. பஹ்ரைனையே பாருங்கள். சவூதியோடு இணைக்கும், 1986இல் திறந்த கிங் ஃபஹத் பாலத்தின் வழியே லாரி லாரியாகக் காய்கறி இந்தத் தீவுக்கு வருகிறது. உள்ளூர் விவசாயிக்கோ நிலம் குறைவு, நிலத்தடி நீரில் உப்பு, கோடையில் தாங்க முடியாத வெயில். வெளியிலிருந்து வரும் தக்காளியின் விலைக்கு அவரால் இறங்க முடியாது. ஆனாலும் குளிர்காலச் சனிக்கிழமைக் காலைகளில் புதய்யா தாவரவியல் பூங்காவில் கூடும் உழவர் சந்தைக்கு மக்கள் குடும்பத்தோடு போகிறார்கள். அங்கே சரக்கு புதிது. விளைவித்தவரே எதிரில் நிற்கிறார்.

குறைப்பின் கணக்கையும் பாருங்கள். கிலோ 40 ரூபாய்க்கு விற்கும் காய்க்கு 32 ரூபாய் செலவு என்றால் லாபம் 8 ரூபாய். விலையில் 4 ரூபாய் குறைத்தால் வாங்குபவருக்கு அது 10 சதவீதம்தான். உங்களுக்கோ லாபத்தில் பாதி போய்விட்டது. பழைய லாபத்தை எடுக்க இரண்டு மடங்கு விற்றாக வேண்டும். அவ்வளவு விளைய நிலம் எங்கே இருக்கிறது?

நம்பிக்கை: வீட்டு ஆட்கள்தானே வேலை செய்கிறார்கள், கூலிச் செலவு இல்லை.

உண்மை: சிறு பண்ணைக் கணக்கில் இதைவிடப் பெரிய ஓட்டை வேறில்லை. விடியுமுன் அம்மா கீரை பறிக்கிறார், மனைவி கட்டுகிறார், தம்பி வண்டியில் கொண்டுபோய்ப் பாதி நாள் சந்தையில் நிற்கிறார். அதே வேலைக்கு வெளியாள் வந்தால் என்ன கொடுப்பீர்களோ, அதை நோட்டில் எழுதுங்கள். அவர்களின் உழைப்புக்கு விலை போடாத பண்ணையில் லாபமாகத் தெரிவது, அவர்களுக்குக் கொடுக்காத கூலிதான்.

விற்காமல் வாடிப்போவதும் செலவே. கட்டுக்கு 8 ரூபாய் செலவில் 100 கட்டு கொண்டுபோய் 80தான் விற்றது என்றால், விற்ற ஒவ்வொரு கட்டின் அடக்கவிலை 10 ரூபாய். விலையை அந்தப் பத்துக்கு மேல்தான் தொடங்க வேண்டும்.

நம்பிக்கை: சந்தை விலை என்னவோ அதுதான் நம் விலை.

உண்மை: சந்தை விலை அன்றைய வரத்தைச் சொல்லும், உங்கள் செலவு அதற்குத் தெரியாது. 1999 நவம்பர் 14 அன்று மதுரையில் தொடங்கிய உழவர் சந்தைத் திட்டம் இதில் நல்ல பாடம். மொத்த விலையைவிடச் சுமார் 20 சதவீதம் கூடுதல், சில்லறை விலையைவிடச் சுமார் 15 சதவீதம் குறைவு என்று அங்கே விலைக்கு ஓர் அளவுகோல் வைத்தார்கள். இடைத்தரகருக்குப் போவதை விளைவித்தவரும் வாங்குபவரும் பங்கிட்டுக்கொள்ளும் ஏற்பாடு அது. மொத்த விலை 20 ரூபாய், சில்லறை விலை 40 ரூபாய் என்றால் இந்தக் கணக்கின்படி 24க்கும் 34க்கும் நடுவே உங்களுக்கு இடம் இருக்கிறது. உங்கள் அடக்கவிலையே 34ஐத் தாண்டினால் கூவி விற்றும் பயனில்லை. அந்தப் பயிரை மாற்ற வேண்டும், அல்லது வாங்கும் ஆளை மாற்ற வேண்டும்.

நம்பிக்கை: எல்லாக் காயும் இருந்தால்தான் வாடிக்கையாளர் வருவார்.

உண்மை: இருபது பயிர் என்றால் இருபது விதை, இருபது பூச்சி, இருபது அறுவடை நாள். குடும்பத்தின் கைகள் அதே நான்கைந்துதான். எதை வைப்பது என்பதை, ஒவ்வொரு பயிரும் செய்யும் வேலையை வைத்து முடிவு செய்யுங்கள். ஆளை வரவழைக்கும் பயிர் ஒன்று, லாபம் தரும் பயிர் இரண்டு, வாரந்தோறும் கைச்செலவுக்குக் காசு தரும் பயிர் ஒன்று இருந்தால் தொடங்கப் போதும். பஹ்ரைன் தோட்டங்களில் ஜர்ஜீர் கீரை, புதினா, கொத்தமல்லி, முள்ளங்கி எல்லாம் சிறு பாத்திகளில் நிற்கின்றன. சீக்கிரம் வெட்டுக்கு வரும், தொலைவிலிருந்து வந்தால் வாடிவிடும் பொருட்கள் அவை. சிறு பண்ணை கைவைக்க வேண்டியது இந்த மாதிரிப் பயிரில்தான்.

நம்பிக்கை: போன தடவை விலை ஏறியதைத்தான் இந்தத் தடவை போட வேண்டும்.

உண்மை: 2023 ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியது, தமிழக அரசு ரேஷன் கடைகளில் 60 ரூபாய்க்கு விற்றது. இரண்டு மாதத்துக்குள் விலை சரிந்தது. ஏறிய விலையைப் பார்த்து எல்லோரும் ஒரே நேரத்தில் நட்டால், எல்லோருடைய கூடையும் ஒரே நேரத்தில் சந்தைக்கு வரும். நிலம் முழுவதையும் ஒரே பயிருக்குக் கொடுக்காமல், பதினைந்து நாள் இடைவெளியில் பாத்தி பாத்தியாக நடுவதே பாதுகாப்பு.

நம்பிக்கை: மதிப்புக் கூட்டினால் லாபம் தானாக வரும்.

உண்மை: முருங்கைக் கீரையில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். ஒரு கிலோ பொடிக்கு நான்கு கிலோவுக்கு மேல் இலை வேண்டும். அதோடு உலர்த்துதல், அரைத்தல், பொட்டலம், உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவு என்று செலவு தொடரும். பேரீச்சையில் வளைகுடா மக்கள் பின்பற்றும் முறை தெளிவானது: நல்ல பழம் பழமாகவே விலை போகும், பழமாக விலை போகாததைக் காய்ச்சி திப்ஸ் என்ற பாகாக்கலாம். முதல் தரத்தை அப்படியே விற்றுவிட்டு, மிஞ்சுவதைப் பொடியாகவும் ஊறுகாயாகவும் மாற்றுவதுதான் சிறு பண்ணைக்கு ஏற்றது.

நம்பிக்கை: விலையை ஏற்றினால் வாடிக்கையாளர் கோபித்துக்கொண்டு போய்விடுவார்.

உண்மை: சொல்லாமல் ஏற்றினால்தான் போவார். காரணத்தை முன்கூட்டியே சொல்லுங்கள், எடையிலும் தரத்திலும் கை வைக்காதீர்கள், வாரத்துக்கு ஒரு விலை என்று மாற்றாதீர்கள். அதன் பிறகும் சிலர் விலகலாம். நட்டத்துக்கு விற்று அவர்களைத் தக்கவைப்பதால் பண்ணை நிலைக்காது.

இந்த வெள்ளிக்கிழமை ஊருக்குப் பேசும்போது, மழை பெய்ததா என்று கேட்பதோடு இன்னொரு கேள்வியும் கேளுங்கள்: ஒரு கிலோ விளைவிக்க, வீட்டு ஆள் கூலியும் சேர்த்து, நமக்கு எவ்வளவு ஆகிறது? பயிர்வாரியாக அதை எழுதி அனுப்பச் சொல்லுங்கள். அடக்கவிலை கிடைக்காத பயிரை அடுத்த பட்டத்தில் நிறுத்துங்கள். நீங்கள் அனுப்பும் பணம் பண்ணையை வளர்க்கிறதா, அதன் நட்டத்தை மறைக்கிறதா என்பதை அந்தக் கணக்கு சொல்லிவிடும்.