வீட்டு ரூட்டரும் நம் வங்கிக் கணக்கும்

இணையவழி வங்கிச் சேவையின் பாதுகாப்பு என்றதும் நமக்குக் கடவுச்சொல்லும் ஓ.டி.பி.யும் நினைவுக்கு வருகின்றன. தொலைபேசிக்கு அருகே பச்சை விளக்குகள் மின்ன அமர்ந்திருக்கும் டி.எஸ்.எல். ரூட்டர் நினைவுக்கு வருவதில்லை. 2011ஆம் ஆண்டில் பிரேசில் நாட்டில் ஏறத்தாழ 45 லட்சம் டி.எஸ்.எல். மோடங்களின் அமைப்பை மோசடியாளர்கள் தொலைவிலிருந்தே மாற்றிவிட்டனர். தள முகவரியைப் பிழையின்றித் தட்டச்சு செய்தவர்களும் போலிப் பக்கங்களைச் சென்றடைந்தனர்.

இது எவ்வாறு இயலும்? தொலைபேசியின் செம்புக் கம்பியில் குரல் 4 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழும், இணையத் தரவு அதற்கு மேலான அலைவரிசைகளிலும் செல்கின்றன. இரண்டையும் பிரிப்பது ஸ்பிளிட்டர் என்னும் சிறு பெட்டி. ரூட்டரோ, வந்த ஓர் இணைப்பை வீட்டிலுள்ள கணினி, கைபேசி அனைத்திற்கும் பகிர்ந்தளிக்கிறது. ஒவ்வொன்றிற்கும் ஓர் உள்முகவரியைத் தருகிறது. அத்துடன், எந்த டி.என்.எஸ். சேவையகத்தைக் கேட்க வேண்டும் என்பதையும் அதுவே சொல்கிறது. டி.என்.எஸ். என்பது வங்கித் தளத்தின் பெயரைக் கொடுத்தால் அதன் எண் முகவரியைத் தரும் விவரக் கையேடு. கையேட்டையே மாற்றி வைத்துவிட்டால், கணினி பழுதற்றதாயினும் வழி தவறும். அப்போது உலாவி காட்டும் சான்றிதழ் எச்சரிக்கை பெரும்பாலும் நமக்குக் கிடைக்கும் ஒரே அறிகுறி. அதனைக் கடந்து செல்லலாகாது.

ரூட்டரின் அடியில் ஒட்டியுள்ள சீட்டில் அதன் முகவரி இருக்கும். பல கருவிகளில் அது 192.168.1.1. உலாவியில் அதனை இட்டு உள்ளே சென்று, நிர்வாகக் கடவுச்சொல்லை முதலில் மாற்றுவோம். இது வைஃபை கடவுச்சொல்லினின்று வேறானது. பலர் இரண்டையும் ஒன்றெனக் கருதி ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு நிம்மதியாக உறங்குகின்றனர்! வைஃபைக்கு டபிள்யூ.பி.ஏ.2 அல்லது 3 போதும், பழைய டபிள்யூ.இ.பி. எளிதில் உடைபடும்.

ஆனால், பிரேசிலில் கடவுச்சொல் மட்டும் காத்திருக்காது. மோடத்தின் மென்பொருளிலேயே ஓட்டை இருந்தது. ஆகவே உற்பத்தியாளர் வெளியிடும் ஃபர்ம்வேர் புதுப்பிப்பை நிறுவுவதும், வெளியிலிருந்து நிர்வகிக்கும் வசதியை அணைத்து வைப்பதும் இன்றியமையாதவை. புதுப்பிப்பு நின்றுபோன பழைய கருவியை மாற்றிவிடுவதே மேல். டி.என்.எஸ். பகுதியில் நாம் இடாத எண்கள் தென்பட்டால் இணைப்பு நிறுவனத்திடம் கேட்போம்.

இன்னொன்று: பழுதுபார்க்க வருபவர் ரீசெட் துளையில் ஊசியை அழுத்தினால் அனைத்தும் தொழிற்சாலை நிலைக்குத் திரும்பும். இணைப்பின் பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் முன்னரே குறித்து வைத்துக்கொண்டு, அவர் சென்றபின் நிர்வாகக் கடவுச்சொல்லை மீண்டும் மாற்றிவிடுவோம்.