வெண்ணெய் ஐசிங்கில் நிறக் கோளாறுகளும் தீர்வுகளும்

கறவை மாடு உள்ள இல்லங்களில் வெண்ணெய்க்குக் குறைவில்லை. அந்த வெண்ணெயைக் கொண்டு பிறந்தநாள் கேக் தயாரித்து, குழந்தைகளை மகிழ்விப்பதோடு ஓரளவு துணை வருமானமும் பெறலாம். ஆனால் கேக் நன்றாக வெந்து வந்த பிறகும், அதன்மேல் பூசும் வண்ண ஐசிங்கில் பலருக்குத் தொல்லை ஏற்படுகிறது. நீலம் கலந்தால் பச்சையாகிறது. சிவப்பு எவ்வளவு சேர்த்தாலும் இளஞ்சிவப்பாகவே நிற்கிறது. மாலை விழாவுக்குள் பூக்கள் வழிந்து ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன.

இது சிறு இழப்பன்று. ஒரு கிலோ கேக்குக்கு வேண்டிய ஐசிங்கில் 250 கிராம் வெண்ணெய் சேருகிறது. 4 சதம் கொழுப்புள்ள பசும்பாலாக இருந்தால், சுமார் 5 லிட்டர் பாலின் கொழுப்பு அதில் அடங்கியுள்ளது. எனவே ஐசிங்கைக் கொட்டிவிடாமல் சரிசெய்யும் வழிகளை அறிந்து வைத்திருப்பது நல்லது.

கோளாறு எங்கே உள்ளது?

நிறம் சரியாக அமையாவிட்டால் மேலும் வண்ணம் சேர்ப்பதே வழக்கமாக உள்ளது. இது தவறு. பெரும்பாலான கோளாறுகளுக்கு வெண்ணெயில் உள்ள நீரும், சமையலறையின் வெப்பமும், நமது அவசரமுமே காரணம்.

வெண்ணெயில் 80 சதம் கொழுப்பும் சுமார் 16 சதம் நீரும் உள்ளன. அதாவது 250 கிராம் வெண்ணெயில் உள்ள நீர் 40 கிராம் மட்டுமே. அது கொழுப்பினுள் மிகச்சிறு துளிகளாகச் சிதறியுள்ளது. கடைகளில் கிடைக்கும் சாதாரண உணவு வண்ணங்கள் நீரில் கரைபவை, கொழுப்பில் கரைவதில்லை. ஆகவே, வண்ணம் அந்தச் சிறிதளவு நீரில்தான் கரைந்து மெல்லப் பரவ வேண்டும். இதற்குச் சில மணி நேரம் பிடிக்கும். மேலும், வெண்ணெய் 32 முதல் 35 டிகிரி செல்சியசில் முழுதும் உருகிவிடும். நமது கோடைக்காலப் பகல் வெப்பம் இதைவிட அதிகம் என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

அடிப்படைக் கலவை

உப்பில்லாத வெண்ணெய் 250 கிராம், சலித்த ஐசிங் சர்க்கரை 500 கிராம், காய்ச்சி ஆறிய பால் 1 முதல் 2 மேசைக்கரண்டி, வெனிலா எசன்ஸ் 1 தேக்கரண்டி ஆகியவை தேவை. வெண்ணெயை மட்டும் முதலில் 5 நிமிடம் நன்கு அடிக்க வேண்டும். பின்னர் சர்க்கரையை மூன்று நான்கு முறையாகச் சேர்த்து அடிக்க வேண்டும். பாலைக் கடைசியில், தேவைக்கு மட்டும் சேர்க்கலாம்.

வீட்டில் கடைந்த வெண்ணெயானால், குளிர்ந்த நீரில் மோர் நீங்கும் வரை, அதாவது கழுவும் நீர் தெளிவாக வரும் வரை, பலமுறை கழுவ வேண்டும். பின் மரக்கரண்டியால் அழுத்திப் பிசைந்து நீரை முற்றிலும் வடித்துவிட வேண்டும். நீர் தங்கிய வெண்ணெயில் ஐசிங் நிற்காது.

கோளாறுகளும் தீர்வுகளும்

1. நீலம் பச்சையாக மாறுதல்: பசு வெண்ணெயில் கரோட்டின் என்னும் மஞ்சள் நிறப்பொருள் உள்ளது. மஞ்சளுடன் நீலம் சேர்ந்தால் பச்சையாகும். இளஞ்சிவப்பு சேர்ந்தால் ஆரஞ்சு கலந்த நிறமாகும். ஊதா மங்கிச் சாம்பல் நிறமாகும். எருமை வெண்ணெய் வெண்மையாக இருப்பதால் நீலம், ஊதா, இளஞ்சிவப்பு ஆகியவற்றுக்கு அதுவே ஏற்றது. பசு வெண்ணெய்தான் உள்ளதெனில் அதை 8 முதல் 10 நிமிடம் வரை அடிக்க வேண்டும். காற்று சேரச் சேர வெண்மை கூடும். பிறகும் மஞ்சள் தெரிந்தால், பல் குத்தும் குச்சியின் முனையால் மிகச்சிறிது ஊதா வண்ணத்தைத் தொட்டுக் கலந்தால் மஞ்சள் அடங்கும். மஞ்சள், பச்சை, ஆரஞ்சு ஆகிய நிறங்களுக்குப் பசு வெண்ணெயே போதுமானது.

2. நிறம் வெளிறி இருத்தல்: நிறம் தேவையைவிடச் சற்று குறைவாக இருக்கும்போதே நிறுத்திவிட்டு, ஐசிங்கை மூடி 2 அல்லது 3 மணி நேரம் வைக்க வேண்டும். நிறம் தானே கூடும். அடர் சிவப்பு, கறுப்பு ஆகியவற்றை முதல் நாள் இரவே கலந்து குளிர்சாதனப் பெட்டியில் வைப்பது நல்லது. கறுப்பு வேண்டுமானால் முதலில் கோகோ தூள் சேர்த்துப் பழுப்பாக்கிக்கொண்டால் குறைந்த வண்ணமே போதும். அவசரமாகத் தேவைப்பட்டால், வண்ணம் கலந்த ஐசிங்கில் ஒரு கரண்டி எடுத்து, வெந்நீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்து உருக்கி, ஆறவிட்டு மீண்டும் கலந்து அடிக்கலாம். வண்ணத்தை அள்ளிக் கொட்டினால் கசப்பும், நாக்கில் கறையுமே மிஞ்சும்.

3. திரிந்தாற்போல் பிரிதல்: நீர்ம வண்ணத்தை அதிகம் ஊற்றினால் இவ்வாறு ஆகும். இரண்டு தேக்கரண்டி வண்ணம் என்பது 10 மில்லி. இது வெண்ணெயில் உள்ள நீரைக் கால் பங்கு கூட்டிவிடுகிறது. கொழுப்பால் அதைப் பிடித்து வைக்க இயலாமல் நீர் பிரிகிறது. வெண்ணெய் மிகவும் குளிர்ந்திருந்தாலும் இந்நிலை ஏற்படும். 2 மேசைக்கரண்டி ஐசிங்கை எடுத்து இளஞ்சூட்டில் இளக்கி, மீதியுடன் சேர்த்து அடித்தால் பெரும்பாலும் ஒன்றுசேரும். நீர் மிகுந்திருந்தால் சலித்த சர்க்கரை 2 மேசைக்கரண்டி சேர்க்கலாம். நீர்ம வண்ணத்துக்குப் பதில் கூழ் போன்ற ஜெல் வண்ணத்தைப் பயன்படுத்துவது சிறந்தது.

4. புள்ளிகளும் கோடுகளும் தெரிதல்: தூள் வண்ணத்தை நேராகத் தூவுவதே காரணம். தூளைச் சில துளி வெந்நீரில் முற்றிலும் கரைத்து, ஆறியபின் சேர்க்க வேண்டும். வீட்டில் பொடித்த சர்க்கரையை மெல்லிய துணியில் சலிக்காவிட்டாலும் நறநறப்பும் புள்ளிகளும் தோன்றும்.

5. இளகி வழிதல்: ஐசிங் சூடாகிவிட்டது என்பதே பொருள். சர்க்கரையை மேலும் கொட்ட வேண்டாம். பாத்திரத்தைக் குளிர்சாதனப் பெட்டியில் 15 நிமிடம் வைத்து மீண்டும் அடிக்க வேண்டும். அப்பெட்டி இல்லாதவர்கள் மண்பானை நீரில் பாத்திரத்தை நிறுத்தி அடிக்கலாம். கோடையில் விடியற்காலையில் வேலையை முடிப்பது நல்லது. பூப்பிழியும் பையை உள்ளங்கையில் நெடுநேரம் வைத்திருந்தால் கைச்சூட்டிலேயே ஐசிங் இளகும். ஆகவே பையில் சிறிது சிறிதாக நிரப்பிக்கொள்ள வேண்டும்.

6. ஒரு நிறம் மற்றொன்றில் ஊறுதல்: குளிரிலிருந்து எடுத்த கேக்கின் மேல் காற்றின் ஈரம் வியர்வைபோல் படியும். அந்நீரில் வண்ணம் கரைந்து பக்கத்து நிறத்தில் ஊறும். கேக்கை மூடிய பெட்டியிலேயே குளிர வைத்து, வெளியில் எடுத்தபின் சுமார் ஒரு மணி நேரம் வரை பெட்டியைத் திறவாமல் இருந்தால் ஈரம் பெட்டியின் மேல்தான் படியும். வெள்ளைக்கு அருகில் சிவப்பு அல்லது கறுப்பு வைக்க நேர்ந்தால், முதல் பூச்சின் மேற்புறம் உலர்ந்த பிறகு, விழாவுக்குச் சற்று முன் அதைப் பிழிய வேண்டும்.

7. நிறம் மங்குதல்: இளஞ்சிவப்பும் ஊதாவும் ஒளிபட்டால் விரைவில் வெளிறும். மஞ்சள் தூளின் நிறமும் அவ்வாறே. கேக்கைச் சன்னலோரத்திலோ விளக்கின் அடியிலோ வைக்காமல் மூடி வைக்க வேண்டும்.

எந்த வண்ணம் வாங்குவது?

இந்தியாவில் உணவில் சேர்க்க எட்டுச் செயற்கை வண்ணங்கள் அனுமதிக்கப்பட்டுள்ளன. அவை: பான்சோ 4ஆர், கார்மோசின், எரித்ரோசின், டார்ட்ரசின், சன்செட் எல்லோ, இண்டிகோ கார்மைன், பிரில்லியண்ட் புளூ, பாஸ்ட் கிரீன். கேக்கில் இவற்றின் மொத்த அளவு கிலோவுக்கு 100 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது. பெயரும் உரிம எண்ணும் அச்சிட்ட புட்டியை மட்டும் வாங்க வேண்டும். பொட்டலமாகக் கட்டித் தரும் தூளை வாங்கவே கூடாது. துணிக்கும் காகிதத்துக்கும் இடும் ரோடமின்-பி என்னும் சாயம் கலந்திருந்ததால் 2024 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் பஞ்சு மிட்டாய் விற்பனைக்கே தடை விதிக்கப்பட்டது நினைவிருக்கலாம். கேக்கையும் குழந்தைகளே மிகுதியாக உண்கின்றனர்.

இயற்கை வண்ணம் விரும்புவோர் பீட்ரூட் சாற்றை அப்படியே ஊற்றினால் நீர் கூடி ஐசிங் பிரியும். கிழங்கைத் துருவி நிழலில் உலர்த்தி, பொடித்துச் சலித்துச் சேர்க்கலாம். அதிகச் சூடு பட்டால் அதன் சிவப்பு பழுப்பாகும். மஞ்சளுக்கு ஒரு சிட்டிகை மஞ்சள் தூள் போதும். சங்குப்பூவின் நீலம் எலுமிச்சைச் சாறு பட்டால் ஊதாவாகும். ஆகவே, நீலம் வேண்டுமிடத்தில் எலுமிச்சையைத் தவிர்க்க வேண்டும்.

விற்பனைக்குத் தயாரிப்போர் சிறு அளவில் செய்தாலும் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொள்ள வேண்டும்.

கவனிக்க வேண்டியவை

வெண்ணெயில் நீரை நன்றாக வடிக்கவும். குளிர்ச்சியான வேளையில் அடிக்கவும். வண்ணத்தைக் குச்சி முனையால் தொட்டுச் சேர்க்கவும். பிறகு பொறுத்திருக்கவும். இந்த நான்கையும் கடைப்பிடித்தால், ஒரு புட்டி வண்ணம் பல கேக்குகளுக்கு வருவதோடு, பாடுபட்டுச் சேர்த்த வெண்ணெயும் வீணாகாது. முதல் முறை செய்பவர்கள் 50 கிராம் வெண்ணெயும் 100 கிராம் சர்க்கரையும் கொண்டு சிறு அளவில் பழகிப் பார்த்த பின், முழுக் கேக்குக்கு ஐசிங் தயாரித்துப் பயன் பெறலாம்.